ஆளில்லாத வண்டிக்கு முன்னால் நடந்தேன்

என் செல்ல வாசுகிக்கு,

உன் வண்டி மலையில் ஓடிவிட்டது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். போன் போட்டால் "சாப்பிட்டீங்களா மதினி" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறவள் நீ. அதனால் நானும் நலம் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

மலையில் ஓடியது என்றால் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் அது தானாக ஏறிப் போகவில்லை. லாரியில் ஏற்றிக் கட்டித்தான் மேலே கொண்டுபோனார்கள். பூப்பாறைக்குக் கீழே ஒரு ஏலக்காய்த் தோட்டம். அந்தத் தோட்டத்து முதலாளியின் சொந்த மண் ரோட்டில், காய் எடுக்கிற இடத்திலிருந்து காயை உலர்த்துகிற ஸ்டோர் வரைக்கும் ஓடியது. பச்சைக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, யாரும் தொடாத ஸ்டீயரிங் தானாகத் திரும்பத் திரும்ப, அது என் கண்ணெதிரே போனது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். உன் துறையில் உனக்காக ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதில் நான் எழுதியே ஆக வேண்டும் என்று ஜென்சி பிடிவாதம் பிடித்தாள். உன்னிடம் ஆராய்ச்சி செய்த பிள்ளைகளில் மூத்தவள். "பேராசிரியருங்க எல்லாரும் மேடத்தைப் பத்தி எழுதுவாங்க மதினி, நீங்க வண்டியைப் பத்தி எழுதுங்க" என்றாள். நீ என்னைக் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் நான் மதினி ஆகிவிட்டேன். ஆகவே உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

நான் உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். வாசலில் எப்போதும் ஜீப் நிற்கிற வீடு நம்முடையது. கருக்கலில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு நம் வண்டிகள் மெட்டு ஏறும், பொழுது சாய்வதற்குள் இறங்கும். அந்த வீட்டிலிருந்து படித்துப் போய், கோயம்புத்தூரில் பேராசிரியராகி, டிரைவர் இல்லாமல் தானே ஓடும் வண்டிகளை நீ ஆராய ஆரம்பித்தாய்.

அந்தத் தீபாவளிச் சாப்பாடு உனக்கு நினைவிருக்கும். நான் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன்தான் பேச்சை எடுத்தார்.

"டிரைவரே இல்லாம ஓடுற வண்டியா? அப்ப நாங்கள்லாம் என்ன சோலி பாக்குறது?"

நீ சாப்பிடுவதை நிறுத்தினாய். "தெரியலண்ணே. எனக்கும் அது கேள்விதான்."

"ஜீப்பு ஓட்டுன காசுல படிச்சிட்டு ஜீப்புக்கே ஆப்பு வைக்கிறியாக்கும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பிறகு உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன் உடம்பைக் கேட்பார், ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்பார், நல்ல ஏலக்காயாகப் பொறுக்கிக் கொடுத்தனுப்புவார். வண்டியை மட்டும் கேட்க மாட்டார். நீயும் அவரிடம் சொல்ல மாட்டாய்.

எனக்குத்தான் ஆசை அடங்காது. அதுக்குக் கண்ணு எங்கே இருக்கு? மழை பெஞ்சா தெரியுமா? நாய் குறுக்கே ஓடினா என்ன பண்ணும்? அடுப்படியில் நின்றுகொண்டு போனில் கேட்டுக்கொண்டே இருப்பேன். நீ ஒவ்வொன்றாக விளக்குவாய். பதில் தெரியாத ஒன்றை நான் கேட்டுவிட்டால் மட்டும் உன் குரலில் ஒரு தனிச் சந்தோஷம் வரும். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரிந்ததில்லை.

புற்றுநோய் வந்து நீ போனபோது உன் மாணவர்கள் ஒரு வேன் பிடித்துக்கொண்டு போடிக்கு வந்தார்கள். சுடுகாடு வரைக்கும் போய்விட்டு வந்து, வாசலில் பந்தல் பிரிக்கும் வரை இருந்தார்கள். சில மாதங்கள் கழித்து ஜென்சி போன் செய்தாள். காலேஜுக்குள் இருக்கும் சமதளத் தார் ரோட்டில் வண்டி அழகாக ஓடுகிறதாம். ஆனால் நீ அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாயாம், எங்கள் ஊர் மலையில், மூடுபனியில், சரிவில் ஓடுகிற வரைக்கும் இதற்கு ஒன்றும் தெரியாது என்று. "அங்க ஒரு தோட்டத்து ரோடு கிடைக்குமா மதினி? அப்புறம், மலை ரோட்டுல ஓட்டிப் பழகுன ஒருத்தர் டிரைவர் சீட்டுல உக்காரணும். ஏதாவது தப்பாப் போனா பிரேக் போட" என்றாள்.

உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் எழுந்து ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அங்கே என்ன நடந்தது என்பது பிறகு என் காதுக்கு வந்தது. மற்ற டிரைவர்களுக்கு அதற்குள் சேதி போயிருந்தது. "பாண்டியண்ணே, இன்னைக்கு மூட்டையை ஏத்தும், நாளைக்கு ஆளை ஏத்தும். நீங்களே அதைக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டதில் என்ன தவறு, சொல்லு. அவர்கள் பிள்ளைகள் சாப்பிடுவது அந்த ஸ்டீயரிங்கில்தானே.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அந்தப் பிள்ளைக சாவு வீட்டுல கடைசி வரைக்கும் நின்னுச்சுக. வரச் சொல்லு. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஜென்சி வந்த அன்றே, சாப்பாட்டுக்கு முன்னால், அவர் அந்தப் பழைய கேள்வியை அவளிடம் கேட்டார். எங்க பொழைப்பை இது கெடுக்குமா? அவள் சுற்றி வளைக்கவில்லை. "இந்த மலையில ஆளேத்துற வண்டி தானா ஓட ரொம்பக் காலமாகும்ணே. வரவே வராதுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்." "பொய் சொல்லல" என்றார் என்னிடம், அவள் கை கழுவப் போனபோது.

இனி வண்டிக் கதை.

வாசு, நீ அதைக் கடைசியாகப் பார்த்ததற்கு இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. உயரம் குறைந்த, பாட்டரியில் ஓடுகிற சின்ன லோடு வண்டி. முன்னால் இரண்டு சீட், பின்னால் மூட்டைக்கு இடம், தலையில் லேசர் ஒளியை வீசிச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் ஒரு டப்பா, நாலு பக்கமும் கேமரா. முதல் வாரம் அது பட்ட பாட்டை நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். மழையில் நனைந்த ஏலச் செடி ரோட்டுப் பக்கம் சாய்ந்து ஓர் இலையை நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி அதன் முன்னால் போய் நின்றுவிடும். இலை அசையும். வண்டி பொறுமையாகக் காத்திருக்கும்.

"இந்தா, ஒவ்வொரு எலைக்கும் வழி விட்டுக்கிட்டிருந்தா எப்ப ஸ்டோருக்குப் போறது?" என்பார் உன் அண்ணன்.

மூடுபனி இறங்கினால் இன்னும் மோசம். லேசர் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்புவதால் அதற்கு எதிரே சுவர் இருப்பது போலத் தெரியுமாம். மரங்களுக்கு அடியில் செயற்கைக்கோள் சிக்னலும் சரியாக வராது. தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் அது நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால், திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை போல இருக்கும். ஜென்சியும் அவளோடு வந்த மாணவன் கண்ணனும் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கணினியை வைத்துக்கொண்டு எதையாவது மாற்றுவார்கள். மறுபடி ஓட்டுவார்கள். நான் அவர்களுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் தினமும் நம் ஜீப்பில் ஏறி வந்துவிடுவேன். சோறு கொடுத்த பிறகும் மலை இறங்க மாட்டேன்.

உன் அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த கோலத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கால் மட்டும் பிரேக்குக்கு மேலே. வளைவு வரும்போது மடியிலிருக்கும் கை இரண்டும் வேட்டியை இறுக்கிப் பிடிக்கும். தோள் தானாகச் சாயும். முகத்தில் வேர்வை, அந்தக் குளிரில். ஜீப் ஓட்டி ஒருநாளும் அவர் இப்படிக் களைத்து வந்ததில்லை. "சும்மா உக்காந்திருக்கறதுக்கு இவ்வளவு அசதியா?" என்று கேட்டேன். "சும்மா உக்காந்து பாரு, தெரியும்" என்றார்.

அவர் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் அது கணினியில் பதிவாகும். ஒரு நாள் ஜென்சி அந்த ரோட்டின் வரைபடத்தைத் திரையில் காட்டினாள். அவர் கால் வைத்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி.

"இது என்னத்தா?"

"நீங்க பயந்த இடம்ணே."

"நான் எங்க பயந்தேன்? சும்மா கால் வச்சேன்."

"பயந்தா தப்பில்லண்ணே. எங்களுக்கு அதுதான் வேணும். மனுசன் எங்கெங்க பயப்படுறான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. நீங்க பயப்படாம உக்காந்திருந்தா நாங்க எங்க போய்க் கத்துக்கிறது?"

அவர் அந்தத் திரைக்கு அருகில் குனிந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்க்க ஆரம்பித்தார். இது பள்ளம். இது ஓடைத் தண்ணீர் குறுக்கே ஓடுகிற இடம். இது எதிர் வண்டி வந்தால் தெரியாத மூலை. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார், கண்ணன் எழுதிக்கொண்டான். ஒரு புள்ளியில் மட்டும் நின்றுவிட்டார். நேரான ரோடு. பள்ளம் இல்லை, தண்ணீர் இல்லை, சரிவு கூட இல்லை. ஆனால் போகும் ஒவ்வொரு தடவையும் அங்கே கால் வைத்திருக்கிறார்.

"இங்க என்னண்ணே?"

"தெரியலையே."

பிள்ளைகள் அந்த இடத்துக்குப் போய் அளந்து பார்த்தார்கள். கேமராப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். நானும் போய் நின்று பார்த்தேன். ஒரு பலா மரம், அதைத் தாண்டி ஏலச் செடிகள், அவ்வளவுதான். மண்ணில் ஏதாவது வித்தியாசமா, நிழல் மாறுகிறதா, சத்தம் மாறுகிறதா? எதுவும் பிடிபடவில்லை. மறுநாளும் அவர் கால் அங்கே போனது. "நான் வைக்கல, கால் போகுது" என்றார், பிள்ளையைப் போல. அந்தப் புள்ளியை அழித்துவிடலாமா என்று கண்ணன் கேட்டதற்கு ஜென்சி கூடாது என்றுவிட்டாள். அது இன்னும் அங்கேயே இருக்கிறது வாசு. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

பெரிய சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. அது வண்டியால் வந்ததுமில்லை.

காய் எடுக்கிற பெண்கள் செடியின் அடியில் குனிந்து உட்கார்ந்துதான் எடுப்பார்கள். காய் மண்ணை ஒட்டித்தானே காய்க்கிறது. ஆளுயரத்துக்கு மேல் செடி நிற்பதால் உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிய மாட்டார்கள். சாக்கு நிறைந்ததும் தலையில் வைத்துக்கொண்டு திடீரென்று ரோட்டுக்கு வருவார்கள். வண்டி அவர்களைச் சரியாகக் கண்டுபிடித்து நின்றது. ஜென்சிக்கு மகிழ்ச்சி. ஆனால் பெண்கள் கடக்கவில்லை. ரோட்டோரமாகவே நின்றார்கள். அவர்கள் நிற்பதால் வண்டியும் நின்றது. தலையில் சாக்கோடு அவர்களும், மூட்டைகளோடு அதுவும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு.

சீட்டில் இருந்த உன் அண்ணன் பொறுக்க மாட்டாமல் மடியிலிருந்த கையை எடுத்து, போங்க என்று ஆட்டினார். உடனே கடந்துவிட்டார்கள்.

இது இரண்டு மூன்று தடவை நடந்த பிறகுதான் ஜென்சிக்கு உறைத்தது. பெண்கள் வண்டியைப் பார்க்கவே இல்லை. அதற்குள் இருக்கிற ஆளைத்தான் பார்த்தார்கள். கடைசிக் கட்டச் சோதனையோ சீட்டில் யாரும் இல்லாமல். அதற்குப் பெரியவர்கள் சிலர் பல்கலைக்கழகத்திலிருந்து வரப்போகிறார்கள். அவர்கள் திருப்தியாகச் சொன்னால்தான் வேலை தொடரும். இல்லையென்றால் வண்டி கோயம்புத்தூரில் ஒரு ஷெட்டுக்குள் போய்விடும்.

ஜென்சி பெண்களை உட்கார வைத்துப் பேசினாள். சீட்டில் ஆள் இருக்க மாட்டார், தூரத்தில் இருந்து நிறுத்துகிற பொத்தான் எங்கள் கையில் இருக்கும், வண்டி உங்களைப் பார்த்ததும் நின்றுவிடும், வர விருப்பமில்லாதவர்கள் அன்று அந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்று எல்லாம் சொன்னாள். காய் எடுப்பவர்களில் பேச்சியம்மா என்று ஒரு அக்கா, நம் ஜீப்பில்தான் வருவாள். எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்று கேட்டாள்.

"அது நிக்கும், சரி. எங்களைப் பாத்துட்டு நிக்குதா, இல்ல சும்மா வெறுதே நிக்குதான்னு எங்களுக்கு எப்படித்தா தெரியும்?"

அதைக் கேட்டதும் ஜென்சியின் முகத்தில் ஒன்று வந்தது வாசு. போனில் உன் குரலில் நான் கேட்டேன் என்றேனே, அதே சந்தோஷம். கண்ணால் பார்த்தபோதுதான் எனக்கு அது என்னவென்று புரிந்தது. இன்னும் தெரியாத ஒன்று கையில் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம்.

அதற்குப் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். முன்னால் ஒரு பச்சை விளக்கு வைத்தார்கள். பச்சை என்றால் வண்டி போகும் என்று பாதிப் பேர் நினைத்தார்கள், நாம் போகலாம் என்று மீதிப் பேர். குரல் பேச வைத்தார்கள். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணன் ஓர் அட்டையில் கை வரைந்து ஒட்டினான். அதைப் பார்த்துப் பெண்கள் சிரித்ததுதான் மிச்சம். கடைசியில் முன்பக்கம் நீளமாக ஒரு வெள்ளை விளக்குப் பட்டை வைத்தார்கள். எதிரே ஆள் எந்தப் பக்கம் நகர்கிறாரோ, வெளிச்சமும் அந்தப் பக்கமே நகரும். நாம் இடப்பக்கம் போனால் அதுவும் நம்மோடு வரும். பேச்சியம்மா அதன் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தாள். "பாக்குது" என்றாள். "ஆனா உள்ள ஆளில்லாம நான் மொதல்ல போக மாட்டேன்."

"நான் போறேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. உனக்காக என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் உன் நினைப்பே எனக்கு இல்லை. ஆளில்லாத சீட்டை முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

உன் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஈஸ்வரி, உனக்கு எதுக்கு இந்த வேலை? சோறு கொண்டு வந்தியா, குடுத்தியா, போவியா" என்றார்.

"நீங்க தினமும் உக்காரலையா?"

"என் கால் பிரேக்குல இருக்கு. உனக்கு என்ன இருக்கு?"

ஜென்சியும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்று தோன்றினால் கடைசி நொடியில் கூட விலகிக்கொள்ளலாம் என்று சொன்னாள். நான் தலையாட்டினேன்.

சோதனை அன்று காலையில் மூடுபனி இருந்து, வெயில் வந்து, மறுபடி லேசாக இறங்கியது. பெரியவர்கள் குடை பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றார்கள். உன் அண்ணன் சீட்டிலிருந்து இறங்கினார். இறங்கியவர் உடனே நகரவில்லை, கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வளைவுக்கு இந்தப் பக்கம், நான் நிற்கிற இடத்துக்கு வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டார். என் தலையில் காய்ச் சாக்கு. எனக்குப் பின்னால் பேச்சியம்மாவும் மற்றவர்களும்.

பாட்டரி வண்டிக்குச் சத்தம் கிடையாது. ஈர மண்ணில் டயர் நசுங்குகிற ஓசை மட்டும் முதலில் வந்தது. பனிக்குள்ளிருந்து வெள்ளை வெளிச்சம், அதற்குப் பின்னால் வண்டி. வெளிச்சம் என் மேல் பட்டு நின்றது. வண்டியும் நின்றது. நான் சீட்டைப் பார்த்தேன். ஆளில்லை. ஸ்டீயரிங் மட்டும் ஒரு நூலளவு அசைந்து அடங்கியது.

எனக்குப் பயமாக இருந்தது வாசு. ரோட்டைக் கடக்கும்போது நாம் யாரையோ பார்க்கிறோம், அவர் நம்மைப் பார்க்கிறார், ரெண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. இத்தனை காலமும் அதை நான் செய்துகொண்டிருந்தேன் என்பதே, அங்கே ஆள் இல்லாதபோதுதான் தெரிந்தது. கால் எடுத்து வைத்தேன். வெளிச்சம் என்னோடு நகர்ந்தது. இன்னும் ஓர் அடி வைத்தேன், அதுவும் வந்தது. நடுவில் ஒரு நொடி நின்று பார்த்தேன், அதுவும் நின்றது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே பேச்சியம்மா வந்தாள், பிறகு எல்லாரும்.

இங்கே முடித்துவிட்டால் நல்ல கதை. ஆனால் முடியவில்லை.

கடந்து வந்த பெண்கள் போகாமல் ரோட்டோரம் நின்று வண்டியையே பார்த்தார்கள். ஆளில்லாத வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டாமா? நானும்தான் நின்றேன். ரோட்டோரம் இத்தனை பேர் நிற்கிறார்களே, இவர்கள் திரும்பவும் கடக்கப் போகிறார்களோ என்று வண்டி காத்திருந்தது. அது கிளம்பட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். வெளிச்சம் ஒவ்வொரு முகமாகத் தேடிப் போய்ப் போய்த் திரும்பியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேட்டில் இருந்த பெரியவர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் உன் அண்ணன்தான், "ஏய், எல்லாரும் வெரசா உள்ள போங்கப்பா, அது நம்மளைப் பாத்துக் கூச்சப்படுது" என்று எங்களைச் செடிக்குள் விரட்டினார். வண்டி கிளம்பி, ஒருமுறை கூடத் தடுமாறாமல் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தது.

குறித்த நேரம் தாண்டிவிட்டதால் சோதனை தேறவில்லை என்றுதான் பதிவானது. எனக்கு அழுகை வந்துவிட்டது, என்னால்தானே என்று. ஜென்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, மனுசங்க அதை வேடிக்கை பாப்பாங்கன்னு நாங்க யாருமே யோசிக்கல. மேடம் கூட யோசிக்கல" என்றாள். குடை பிடித்த பெரியவரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். வேடிக்கை பார்க்கிறவர் யார், கடக்கப் போகிறவர் யார் என்று ஓர் இயந்திரம் எப்படிப் பிரித்தறிவது? இதை வைத்து இன்னும் ஒரு வருடம் இங்கேயே வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தேறாமல் போனதால் கிடைத்த ஒரு வருடம். உனக்கு இது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் அண்ணன் மாறிவிட்டார் என்று எழுத மாட்டேன். ஸ்டாண்டில் இன்னும் சிலர் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. அவருக்கும் அந்தக் கவலை இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் மலை இறங்கும்போது என்னிடம் கேட்டார். "அந்தத் தீபாவளிக்கு அவ சொன்னாள்ல, தெரியலண்ணேன்னு. நெசமாவே தெரியாமத்தான் சொல்லியிருப்பாளோ?" ஆமாம் என்றேன். "நான் அவ சமாளிக்கிறான்னு நெனச்சிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே வண்டியை இறக்கினார். கீழே போடி வெளிச்சம் தெரிய ஆரம்பித்தபோது, அவளிடம் கேட்டிருக்கலாம் என்றார்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேச்சை வளர்த்தேனோ என்னவோ.

நம் வாசலில் எத்தனை ஜீப் வந்து போயிருக்கிறது. அதில் ஒன்றின் ஸ்டீயரிங்கைக் கூட நான் தொட்டதில்லை. யாரும் தொடாதே என்று சொன்னதில்லை, தொடு என்றும் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். தம்ளரைக் கீழே வைத்தார். "ஆளே இல்லாம வண்டி ஓடுற காலத்துல உனக்கு எதுக்கு?" என்றார். "அதுக்குத்தான்" என்றேன். "அதுவே கத்துக்கும்போது நான் கத்துக்கக் கூடாதா?" சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பைபாஸ் பக்கம் காலியாகக் கிடக்கிற மைதானத்தில் நான் வண்டியைக் கிளப்பி, அணைத்து, மறுபடி கிளப்பி, ஒரு வேப்ப மரத்தைச் சுற்றி வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜென்சிக்கு இதைச் சொன்னதும் போனிலேயே கத்தினாள். பழகிய டிரைவர் பயப்படுகிற இடம் அவளிடம் இருக்கிறது, புதிதாகக் கற்கிறவர் பயப்படுகிற இடம் இல்லையாம். அதுவும் வேண்டுமாம்.

ஆகவே வாசு, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். லைசென்ஸ் வாங்கிவிடுவேன். அடுத்த மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்து ரோட்டில், உன் வண்டியின் டிரைவர் சீட்டில் நான் உட்காருவேன், கையை மடியில் வைத்துக்கொண்டு, காலைப் பிரேக்குக்கு மேலே வைத்துக்கொண்டு. எங்கெங்கே பயம் வருகிறதோ அங்கெல்லாம் வெட்கப்படாமல் அமுக்குவேன். ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

வண்டி கற்றுக்கொள்ளட்டும், நானும் கற்றுக்கொள்கிறேன்.

என்றும் உன் கேள்விகளுக்குக் காது கொடுக்கும்,
உன் அண்ணன் பொண்டாட்டி, உன் மதினி
ஈஸ்வரி
போடிநாயக்கனூர்